நெய்வேலி சுரங்கத்துப் பெட்டியும் காடாம்புலியூர் வீட்டுப் பெட்டியும்

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை மக்களே. வீட்டுல வைக்கிற முதலுதவிப் பெட்டி எங்க பிறந்துச்சு, நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு, வர்ற வழியில எதை விட்டுட்டு வந்துச்சுங்கிற கதை. என்ன வாங்கி வைக்கணும்ங்கிறதும் நடுநடுவுல வரும். இப்போ நேரமில்லைன்னா சேமிச்சு வச்சு ராத்திரி படிங்க.

போன மாசம் ஓ.பி.க்கு ஒரு அக்கா வந்தாங்க. காடாம்புலியூர் பக்கம். வீட்டுத் தாழ்வாரத்துல உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையோட ஓட்டுல இருக்கிற எண்ணெய் முன்கையில தெறிச்சு ரெண்டு நாள் ஆயிருக்கு. கை முழுக்க நீலம். பேனா மை ஊத்தியிருக்காங்க. எரிச்சல் அடங்கலைன்னு அதுக்கு மேல பல்லு விளக்குற பேஸ்ட். அதையெல்லாம் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு. அடியில கொப்புளம் உடைஞ்சு சீழ் வைக்க ஆரம்பிச்சிருந்தது.

"வீட்டுல மருந்துப் பெட்டி ஏதும் இல்லையாக்கா?"ன்னு கேட்டேன். "இருக்கே டாக்டர், வெள்ளைப் பெட்டி, வீடு குடி போனப்ப மொய்யா வந்தது"ன்னாங்க. கூட வந்த வீட்டுக்காரர் நெய்வேலி சுரங்கத்துல ஒப்பந்தத் தொழிலாளி. அவர் சொன்னார்: "சுரங்கத்துல பெட்டி எந்த இடத்துல இருக்கு, யாரு பொறுப்புன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் டாக்டர். வீட்டுப் பெட்டியைத் திறந்தே ஒரு வருஷம் இருக்கும்."

அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பெட்டியைத் திறந்து வாட்ஸப்ல போட்டோ அனுப்பினார். காய்ஞ்சு போன தீப்புண் களிம்பு ஒரு ட்யூப். பாதி குடிச்ச இருமல் சிரப். மாமியாரோட சர்க்கரை மாத்திரை. அட்டை இல்லாம உதிரியா மூணு மாத்திரை, எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. ஊசி நூல். ஒட்டாத ஒரு பிளாஸ்டர். டிவிஎஸ் வண்டியோட பழைய ஸ்பார்க் பிளக். சிரிக்காதீங்க, உங்க வீட்டுப் பெட்டியை இப்பவே போய்த் திறந்து பாருங்க. நான் என் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துட்டுத்தான் எழுதுறேன். அதுலயும் காலாவதியான ஒரு கண் சொட்டு மருந்து இருந்துச்சு.

ஒரே மனுஷன். வேலை செய்யற இடத்துல பெட்டி உயிரோட இருக்கு, வீட்டுல செத்துக் கிடக்கு. ஏன்னு புரிய ஒரு நூத்தம்பது வருஷம் பின்னாடி போகணும்.

முதலுதவிங்கிறது வீட்டுல பிறந்த விஷயம் இல்லை. போர்க்களத்துல பிறந்தது. ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் எஸ்மார்க், காயம்பட்ட சிப்பாய்க்கு மருத்துவர் வந்து சேர்வதற்கு முன்னாடியே முதல் கட்டு போடப்பட வேண்டும் என்று 1869-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பரப்பிய முக்கோணக் கட்டுத்துணி இன்றைக்கும் முதலுதவி வகுப்புகளில் இருக்கிறது. அந்தத் துணியின் மேலேயே தலையில், தோளில், முழங்காலில் எப்படிக் கட்டுவது என்று படம் அச்சடித்திருப்பார்கள். படிக்கத் தெரியாத ஆளும் பார்த்துக் கட்டிக்கலாம். பொருளும் பாடமும் ஒரே துணியில். இதைவிட நல்ல முதலுதவிப் பெட்டியை இதுவரைக்கும் யாரும் செய்யலைங்கிறது என் எண்ணம்.

அடுத்தது இங்கிலாந்து. 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கப்படுகிறது. அடுத்த வருஷமே ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்ட் லண்டன் பக்கத்து வுல்விச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறார். மருத்துவம் படிக்காத ஆட்களுக்கு ரத்தம் நிறுத்தவும் எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டவும் சொல்லிக் கொடுப்பது அன்றைக்குப் புதுசு. பாவம், அந்த மனுஷன் 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் சூலுப் போரில், இசாண்டில்வானாவில் கொல்லப்பட்டார். ஆனால் வகுப்பு நிற்கவில்லை. ரயில்வேக்காரர்கள், போலீஸ்காரர்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் என்று பரவியது.

கவனிங்க, இதுவரைக்கும் பெட்டின்னு ஒண்ணு கடைக்கு வரலை. முதல்ல ஆள் தயாரானாங்க.

பெட்டி விற்பனைக்கு வந்தது 1888-ல், அமெரிக்காவில். ராபர்ட் வுட் ஜான்சன் விடுமுறைக்கு ரயிலில் போகும்போது, ரயில்வேயின் தலைமை அறுவை மருத்துவரோடு பேச்சுக் கொடுத்தார் என்று ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் கதையைச் சொல்கிறது. மலையிலும் பாலைவனத்திலும் தண்டவாளம் போடும் கூலிகளுக்கு அடிபட்டால் பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் கட்டுத்துணி, பஞ்சு, பிளாஸ்டர் அடங்கிய பெட்டி. இந்தத் துணியெல்லாம் கிருமி நீக்கப்பட்டிருக்கணும் என்ற எண்ணம் ஜோசப் லிஸ்டரிடமிருந்து வந்தது. 1865-ல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறி காலெலும்பு வெளியே வந்த 11 வயசுப் பையனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டி, காலை வெட்டாமல் காப்பாற்றியவர் அவர்.

போர், ரயில், சுரங்கம். மூணு இடத்துக்கும் பொதுவானது என்ன? அடிபடுவது நிச்சயம், ஆஸ்பத்திரி தூரம்.

இப்போ நம்ம ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக வந்த பொருள்தான் நெய்வேலியின் தொடக்கம். 1956-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இதெல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோதே அங்கே முதலுதவிப் பெட்டி எப்படி இருக்கணும் என்று சட்டம் தயாராக இருந்தது.

1952-ம் வருஷத்து சுரங்கச் சட்டத்தின் 21-ம் பிரிவு. சின்னப் பிரிவுதான். வேலை நேரம் முழுக்கக் கைக்கெட்டும் இடத்தில் பெட்டி இருக்கணும். குறிப்பிட்ட பொருட்களைத் தவிர வேறெதுவும் அதற்குள் வைக்கக் கூடாது. முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பான ஆளின் வசத்தில் அது இருக்கணும், அந்த ஆள் வேலை நேரம் முழுக்கக் கிடைக்கணும். காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடும் இருக்கணும். 150 பேருக்கு மேல் வேலை செய்தால் முதலுதவி அறையே வேணும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ம் பிரிவும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: 150 தொழிலாளிக்கு ஒரு பெட்டியாவது, ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் பெற்ற தனிப் பொறுப்பாள். இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஆனால் இந்த ஏற்பாட்டின் பிறப்பு அங்கேதான்.

"வேறெதுவும் அதற்குள் வைக்கக் கூடாது." சட்டம் எழுதினவங்க மனுஷ சுபாவம் தெரிஞ்சவங்க. மூடி போட்ட காலிப் பெட்டி எங்க இருந்தாலும் நாம அதுக்குள்ள ஸ்பார்க் பிளக் போடுவோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆனா அந்தச் சட்டம் தொழிற்சாலை வாசலோட நின்னுடும். மின்சாரம் இருந்தா 10 பேர், இல்லைன்னா 20 பேர் வேலை செஞ்சாத்தான் அது 'தொழிற்சாலை'ன்னு 1948 சட்டம் சொன்னது. காடாம்புலியூர், பண்ருட்டி சுத்துவட்டாரத்துல முந்திரி வேலை எத்தனை வீட்டுத் தாழ்வாரத்துல நடக்குதுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா, பொண்ணு, பக்கத்து வீட்டு அத்தை, மொத்தம் நாலு பேர். வீடுதான் பட்டறை. சட்டத்தோட கண்ணுக்கு அது வெறும் வீடு.

முந்திரி ஓட்டு எண்ணெய் சாதாரணம் இல்லீங்க. அனகார்டிக் அமிலம், கார்டால் என்று ரெண்டு சமாச்சாரம் அதில் இருக்கு. போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இந்த மரம், நம்ம மாமரத்துக்கும் சேராங்கொட்டைக்கும் சொந்தக்காரன். மாங்காய்ப் பால் பட்டா உதடு புண்ணாகுது இல்ல, சேராங்கொட்டைச் சாறு பட்ட துணியில குறி அழியாம நிக்குது இல்ல, அதே குடும்பத்துக் குணம்தான். தொழில் தெரிஞ்ச பெண்கள் கையில விளக்கெண்ணெயோ சாம்பலோ தடவிக்கிட்டுத்தான் உட்காருவாங்க. நல்ல பழக்கம், கையுறை அதைவிட நல்லது. எண்ணெய் பட்டுட்டா முதல்ல துணியால ஒத்தி எடுத்துட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணியில கழுவணும். வெறும் தண்ணிக்கு அந்த எண்ணெய் போகாது. கழுவற வரைக்கும் அந்தக் கையால கண்ணைத் தொடாதீங்க. கண்ணுல பட்டிருந்தா தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே வண்டி ஏறுங்க.

அந்த அக்கா வீட்டுல சோப்பும் இருந்துச்சு, குழாயும் இருந்துச்சு. மை எதுக்கு ஊத்தினீங்கன்னு கேட்டா, "எங்க ஆயா அப்படித்தான் செய்யும்"ன்னாங்க. இங்க ஆயாவைத் திட்டிட்டுப் போறது சுலபம். ஆனா மருத்துவர்களோட வரலாறும் அவ்வளவு சுத்தம் கிடையாது.

1925-ல் டெட்ராய்ட்டில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் தடவும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். தோலைப் பதனிடுவது மாதிரி புண்ணின் மேல் கெட்டியான பொருக்கு உண்டாகும். உலகம் முழுக்கப் பரவியது. கல்லீரல் கெடுகிறது என்று தெரிந்து 1940-களில் கைவிட்டார்கள். அதே 1930-களில் தீப்புண்ணுக்கு ஜென்ஷியன் வயலட் என்ற நீலச்சாயமும் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் நம்ம பெரியவங்க பார்த்த அந்த நீல மருந்துதான் வீட்டுக்கு வரும்போது பேனா மை ஆயிடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வெறும் ஊகம்தான், ஆதாரம் கேக்காதீங்க.

அப்புறம் சிவப்பு மருந்து. மெர்குரோக்ரோம். 1918-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹியூ யங் அறிமுகப்படுத்தியது. பாதரசம் கலந்தது. எரியாது, கண்ணைப் பறிக்கும் நிறம், முட்டியைச் சிராய்ச்சுக்கிட்ட பிள்ளைக்கு 'மருந்து போட்டாச்சு'ன்னு ஒரு அடையாளம். அமெரிக்காவில் 1998-ல் இதைப் பாதுகாப்பானதாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எண்பது வருஷம். ஒரு மருந்து மருத்துவப் புத்தகத்தை விட்டுப் போன பிறகும் வீட்டு அலமாரியை விட்டுப் போக ஒரு தலைமுறை ஆகும்.

எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு பாம்புக்கடி விஷயத்துல நடந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா இன்னைக்கும் எங்க வாசலுக்கு அது வந்துட்டே இருக்கு.

1904-ல் லண்டனில் லாடர் பிரண்டன், ஜோசப் ஃபேரர், லியோனார்ட் ராஜர்ஸ் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூவரும் சாதாரண ஆட்கள் இல்லை. நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் கொடுக்கலாம் என்று 1867-ல் காட்டியவர் பிரண்டன். இந்தியப் பாம்புகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் ஃபேரர். ராஜர்ஸ் கல்கத்தாவில் வேலை பார்த்தவர். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பாம்பு விஷத்தோடு சோதனைக் குழாயில் கலந்தால் விஷம் செயலிழந்துவிடும். அப்படியென்றால் கடிபட்ட இடத்தைக் கீறி அதற்குள் வைத்துத் தேய்த்தால் என்ன? அதற்காக ஒரு சின்ன மரக்குப்பி செய்தார்கள். ஒரு பக்கம் கத்தி, மறு பக்கம் பெர்மாங்கனேட் படிகம். மலிவானது, சட்டைப் பையில் அடங்கும். காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு, கீறு, தேய். பிரண்டன் லான்செட் என்று அதற்குப் பெயர். இந்தியாவை மனசில் வைத்தே செய்யப்பட்ட முதலுதவிப் பெட்டி அது.

வேலை செய்யலை. குழாய்க்குள் விஷமும் மருந்தும் நேருக்கு நேர் சந்திக்கும். உடம்புக்குள் விஷம் ஓடிக்கொண்டே இருக்கும். பெர்மாங்கனேட் போய்ச் சேரும் இடத்தில் விஷம் இருக்காது, நல்ல சதைதான் இருக்கும். அதை வேக வைத்துவிடும். ஆனாலும் கட்டு, கீறு, தேய் என்ற பாடம் பல பத்தாண்டுகள் முதலுதவிப் புத்தகங்களில் இருந்தது. பெர்மாங்கனேட் மறைந்த பிறகும் கட்டும் கீறலும் தங்கிவிட்டன. நான் படிச்ச பள்ளியிலயும் கயிறு கட்டத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

முந்திரித் தோப்புல சருகு கூட்டும்போது கடிபட்டு வர்றவங்க கால்ல இன்னைக்கும் பிளாஸ்டிக் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கும். பிளேடு கீறல் இருக்கும். கண்ணாடிவிரியன் கடின்னா ரத்தம் உறையாது, அந்தக் கீறல்ல இருந்து ரத்தம் நிக்காமப் போகும். கயிறு கட்டின கால் கறுத்துப் போயிருக்கும். பாம்பு செஞ்சது பாதி, நாம செஞ்சது பாதின்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது.

பாம்புக்கடிக்கு வீட்டுப் பெட்டியில இருந்து தேவைப்படறது ஒரு நீளமான கட்டுத்துணியும் ஒரு மட்டையும்தான், கை காலை அசையாம வைக்க. மோதிரம், கொலுசு, மெட்டி கழட்டுங்க, வீங்கும். நடக்க விடாதீங்க. விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேரா வாங்க. அந்த மருந்தை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அதுவே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை கொடுக்கும், ஆஸ்பத்திரியில வச்சுத்தான் ஏத்தணும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலு பாம்போட விஷத்துக்கும் சேர்த்துச் செய்யற மருந்து அது. அதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவங்கள்ல 1978-ல மாமல்லபுரம் பக்கம் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு.

நாய்க்கடிக்கும் சோப்புதான் முதல் மருந்து. 15 நிமிஷம் ஓடற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஊசிக்கு வாங்க. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எருக்கம்பால் எதுவும் வேண்டாம். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வருவதற்கு முன்னாடி, தெற்கே இருந்தவர்களுக்கு வெறிநாய்க்கடி சிகிச்சை வேண்டுமென்றால் இமயமலை அடிவாரத்து கசௌலி வரைக்கும் ரயிலேறணும். இப்போ பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ஊசி இருக்கு.

சரி, வீட்டுப் பெட்டிக்கு வருவோம். சமையலறைக்குள் முதலுதவி நுழைந்த கதை அழகானது. 1920-ல் ஜான்சன் அண்ட் ஜான்சனில் பஞ்சு வாங்கும் வேலையில் இருந்த ஏர்ல் டிக்சனின் மனைவி ஜோசஃபின், காய் நறுக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார். கணவர் வேலைக்குப் போன பிறகு ஒற்றைக் கையால் கட்டுப் போட முடியாது. நீளமான பிளாஸ்டர் பட்டையில் நடுநடுவே சின்னத் துணியை வைத்து, தேவைப்படும்போது வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி அவர் செய்து கொடுத்ததுதான் பேண்ட்-எய்ட். அதுவரை முதலுதவி என்பது அடுத்தவர் செய்வது. காயம்பட்டவரே செய்துகொள்ளலாம் என்று ஆனது அங்கேதான்.

நம்ம வீட்டுல அதுக்கு முன்னாடி எதுவுமே இல்லையா? இருந்துச்சு. அஞ்சறைப் பெட்டி. சுக்கு, மிளகு, ஓமம், மஞ்சள். பிள்ளைக்கு உரைமருந்துன்னு வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய். 1893-லிருந்து அமிர்தாஞ்சன் டப்பாவும் சேர்ந்துகொண்டது. எது வேலை செய்தது, எது செய்யலைன்னு பேச இது இடமில்லை. பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எனக்கு முக்கியம் வேற ஒண்ணு. அந்தப் பெட்டிக்கு ஆயா பொறுப்பு. எது பழசு, எது தீர்ந்துச்சு, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எல்லாம் ஆயா தலையில இருந்துச்சு. சுரங்கச் சட்டம் கேட்ட அதே பொறுப்பாள். வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி வீட்டுக்கு வந்தப்ப அஞ்சறைப் பெட்டி சமையலுக்கு மட்டும்னு ஆயிடுச்சு. ஆயாவுக்குப் புதுப் பெட்டியைப் பத்தி யாரும் சொல்லிக் கொடுக்கலை. மத்தவங்களுக்கு அது யாரோடதுன்னே தெரியலை.

வீட்டு ஆளை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தா என்ன நடக்கும்னு காட்டினது 1971. வங்கதேசப் போர். எல்லையில் போங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் உப்பு, சோடா, குளுக்கோஸ் கலந்த பொட்டலங்களைத் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்துவிட்டு, நோயாளியின் அம்மா, அண்ணன், கணவன் கையில் டம்ளரைக் கொடுத்தார். நீங்களே கொடுங்க, போகப் போகக் கொடுத்துட்டே இருங்க. முகாம்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நோய். அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் அது நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். தாமதம்தான்.

அதனால பெட்டியில முதல்ல ஓ.ஆர்.எஸ். பொட்டலம். உலக சுகாதார நிறுவனத்தோட அளவுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, பின்னாடி எழுதியிருக்கும். பாதிப் பொட்டலம் பாதித் தண்ணின்னு கண் திட்டத்துல கரைக்காதீங்க. கரைச்சது 24 மணி நேரம் தாண்டினா கொட்டிடுங்க. ஓ.ஆர்.எஸ்.னு பேர் போட்டு அட்டைப் பெட்டியில வித்த சர்க்கரைத் தண்ணிகளை அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்துடுச்சு. பழைய சரக்கு எங்கயாவது இருந்தா ஏமாறாதீங்க. அரசு மருத்துவமனையில பொட்டலம் இலவசம், கேட்டு வாங்குங்க.

அப்புறம் கிருமி நீக்கிய காஸ் துணி, உருட்டுக் கட்டுத்துணி ரெண்டு அளவுல, ஒட்டற டேப், பிளாஸ்டர், கையுறை ரெண்டு ஜோடி, மழுங்கின முனை கத்திரிக்கோல், தெர்மாமீட்டர், சின்ன பாட்டில் போவிடோன் அயோடின், ஒரு சோப்பு. துவைச்சுக் காயவச்ச பழைய வேட்டியை முக்கோணமாக் கிழிச்சு ரெண்டு வைங்க, எஸ்மார்க் சந்தோஷப்படுவார். பாராசிட்டமால் ஒரு அட்டை. பிள்ளைங்க சிரப்னா எடைக்கு எவ்வளவுன்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கி பாட்டில் மேலயே ஒட்டிடுங்க. பிள்ளை வளரும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்தச் சீட்டை மாத்துங்க. அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் வேண்டாம். தீப்புண் களிம்பு வேண்டாம், 20 நிமிஷம் குழாய்த் தண்ணி போதும், ஐஸும் வேண்டாம். தினசரி பி.பி., சர்க்கரை மாத்திரைக்கு வேற டப்பா.

பெட்டி அடுப்பு மேடைக்கு மேல வேண்டாம், சூடு. குளியலறையிலயும் வேண்டாம், ஈரம். பிள்ளைக்கு எட்டாத, பெரியவங்களுக்கு இருட்டுலயும் எட்டுற இடம். பூட்டு போடாதீங்க. பெட்டி மேல இருக்கிற செஞ்சிலுவை பத்தி ஒரு தகவல்: அது போர்க்கள மருத்துவர்களுக்கான அடையாளம், 1960 ஜெனிவா ஒப்பந்தச் சட்டப்படி இஷ்டத்துக்குப் போடக் கூடாது. முதலுதவிக்குப் பச்சை மேல வெள்ளைச் சிலுவைதான். கார் கண்ணாடியில ஒட்டியிருக்கிற டாக்டர் நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க.

இருட்டுன்னு சொன்னது சும்மா இல்லை. 2011 டிசம்பர் 30, தானே புயல். இந்தப் பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சு சாலையில கிடந்துச்சு. பல நாள் மின்சாரம் இல்லை. 108 வண்டி 2008-லயே தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சு, ஆனா மரம் கிடக்கிற ரோட்டுல எந்த வண்டியும் வர முடியாது. அரிவாளும் ரம்பமும் எடுத்து ஊரே மரம் வெட்டின அந்த நாட்கள்ல, ரயில் பாதை போட்ட கூலிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. அடிபடுவது நிச்சயம், ஆஸ்பத்திரி தூரம். பெட்டியோட சேர்த்து ஒரு டார்ச்சும் மாத்துப் பேட்டரியும் வைங்க. விக்கிரவாண்டி கும்பகோணம் சாலை ஓரத்துல வீடு இருக்கிறவங்க காஸும் கையுறையும் கூடுதலா வைங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும். ரத்தம் வந்தா காஸை வச்சு அழுத்திப் பிடிங்க, எட்டிப் பார்க்கிறதுக்காக நடுவுல எடுக்காதீங்க. உதவி செஞ்சவரைக் கேஸ்ல மாட்டிவிட முடியாதுன்னு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துலயே (134ஏ) இருக்கு.

கடைசியா பொறுப்பாள். வீட்டுல ஒருத்தர் பேரைச் சொல்லி ஒப்படைங்க. 'எல்லாரும் பார்த்துக்குவோம்'னா யாரும் பார்க்க மாட்டோம். மூடியோட உள்பக்கம் ஒரு தாள்ல என்னென்ன இருக்கு, எப்போ காலாவதி, 108, பக்கத்து அரசு மருத்துவமனை நம்பர் எழுதி ஒட்டுங்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு தடவை, ஆடியில ஒரு தடவை திறந்து சரிபாருங்க.

அந்த அக்கா நாலு தடவை கட்டு மாத்த வந்தாங்க. புண் ஆறிடுச்சு, தழும்பு இருக்கும். கடைசித் தடவை எட்டாவது படிக்கிற பொண்ணும் கூட வந்தா. இப்போ பெட்டி அவ பொறுப்பாம். மூடியில தாள் ஒட்டி, மேல அவ பேரை எழுதியிருக்காளாம். "எல்லாம் சரியா இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு டாக்டர். அப்பா நேத்து மறுபடியும் வண்டிச் சாவியை அதுக்குள்ள வச்சாரு. எடுத்துத் திண்ணையில போட்டுட்டேன். காலையில ஷிஃப்டுக்குப் போறப்ப அரை மணி நேரம் தேடினாரு."